எனக்குக் கூட்டல், அக்காவுக்குக் கழித்தல்

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் வடிந்து, திருத்தணி கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை. மலையடிவாரத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில் இரண்டு நாள் யோகப் பயிற்சி. நானும் அக்காவும் போயிருந்தோம். ஆளுக்கு 3,500 ரூபாய், இரண்டு பேருக்கும் நான்தான் கட்டினேன். நடத்தியவர்களின் பெயரை எழுதப் போவதில்லை. இதே முகாம் வேறொரு பெயரில் உங்கள் ஊர் மண்டபத்திலும் நடந்திருக்கும்.

ஆண்களை வலப்பக்கமும் பெண்களை இடப்பக்கமும் உட்காரவைத்தார்கள். வழக்கமான ஏற்பாடு என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலை ஆசிரியர் வெள்ளைப் பலகையின் நடுவே ஒரு கோடு போட்டதும்தான் காரணம் புரிந்தது. வலப்பக்கம் மேஸ்குலின் எனர்ஜி: சூரியன், பிங்கலை, தர்க்கம், முடிவெடுத்தல், வேகம், சம்பாத்தியம். இடப்பக்கம் ஃபெமினின் எனர்ஜி: சந்திரன், இடகலை, பொறுமை, அன்பு, காத்திருத்தல், ஏற்றுக்கொள்ளுதல். எல்லோருக்குள்ளும் இரண்டும் உண்டாம். இரண்டும் சமமாக இருக்க வேண்டுமாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. பக்கத்தில் இருந்தவர் பலகையை ஃபோட்டோ எடுத்துக்கொண்டார். நானும் எடுத்தேன்.

பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, மூக்குக்குக் கீழே விரலை வைத்து எந்தப் பக்கம் மூச்சு ஓடுகிறது என்று பார்த்தார். என்னிடம், "உங்ககிட்ட பெண் சக்தி கம்மியா இருக்கு சார். கொஞ்சம் அழப் பழகுங்க. இசை கேளுங்க. எதையாவது எழுதுங்க," என்றார். எனக்கு உள்ளூர ஒரே குஷி. யாரோ என்னை மென்மையானவனாக இருக்கச் சொல்லி அனுமதிச் சீட்டு கொடுத்த மாதிரி.

அக்காவின் முறை வந்தது. அம்பத்தூரில் வேலை, கீழே பதினோரு பேர் இருக்கிற டீமுக்கு லீட். "உங்களுக்கு ஆண் சக்தி ரொம்பத் தூக்கலா இருக்கும்மா. ஆபீஸ்ல இருக்கிற மாதிரியே வீட்லயும் இருக்கீங்க. முடிவெடுக்கிறதைக் கொஞ்சம் வீட்டுக்காரர்கிட்ட விடுங்க. விட்டுக்கொடுக்கப் பழகுங்க." அக்கா தயங்கித் தயங்கி, மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமாக இருக்கிறது, பத்து நாள்வரை நீள்கிறது என்றாள். அதற்காகத்தான் அவள் அங்கே வந்ததே. பதில் சொன்னது ஆசிரியர் அல்ல, அவருடைய உதவியாளரான ஒரு பெண்மணி: "பெண்மையை அடக்கி அடக்கி வெச்சிருக்கீங்க. அது பொங்கி வழியுது."

அக்கா அதை நம்பினாள். காலையிலும் இரவிலும் வல நாசியை அடைத்துக்கொண்டு இட நாசியால் மட்டும் மூச்சு. எட்டு மாதம். ஒருநாள் சாயங்கால லோக்கலில், திருவள்ளூர் தாண்டியதும் மயங்கி விழுந்தாள். அரக்கோணத்தில் இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஹீமோகுளோபின் 6.8. பெண்களுக்குப் பன்னிரண்டாவது இருக்க வேண்டும். ஸ்கேனில் கர்ப்பப்பையில் மூன்று கட்டிகள், ஃபைப்ராய்டு. எத்தனையோ பெண்களுக்கு வருகிற, பெரும்பாலும் புற்றுநோயாக இல்லாத, ஆனால் ரத்தத்தை இப்படி வடியவைக்கிற சாதாரணக் கட்டிகள். ரத்தம் ஏற்றினார்கள், அப்புறம் அறுவை. டாக்டரம்மா கேட்ட ஒரே கேள்வி, "இவ்ளோ நாள் என்னம்மா பண்ணிட்டு இருந்தீங்க?" அக்கா பதில் சொல்லவில்லை. கட்டணம் கட்டியவன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். நானும் சொல்லவில்லை.

இதை ஒரு மோசமான ஆசிரியரைப் பற்றிய புகாராக எடுத்துக்கொள்ள வேண்டாம். மனிதர் நல்லவர், நன்றாகப் பேசுவார், முதுகுவலிக்கு அவர் சொன்னதை நான் இன்றும் செய்கிறேன். கோளாறு அந்தப் பலகையில் இருக்கிறது. ஒரே பலகை, ஒரே நாள், ஒரே வயிற்றுப் பிள்ளைகள் இரண்டு பேர். எனக்குச் சொன்ன சமநிலை ஒரு கூட்டல்: வேலை, சம்பளம், அதிகாரம் எல்லாம் இருக்கட்டும், மேலே கொஞ்சம் கண்ணீரும் கவிதையும் சேர்த்துக்கொள். அக்காவுக்குச் சொன்னது கழித்தல்: உன்னிடம் இருப்பதில் இருந்து கொஞ்சம் எடுத்துக் கீழே வை. நான் பார்த்தவரை, கேட்டவரை இது மாறுவதே இல்லை. இன்ஸ்டாகிராமில் 'ஃபெமினின் எனர்ஜி' என்று தமிழில் தேடிப் பாருங்கள். கேள்வி கேட்காதே, துரத்தாதே, காத்திரு, அவன் கொடுக்கட்டும், நீ வாங்கிக்கொள். என் பாட்டி காலத்துப் புத்திமதிதான், பின்னணியில் புல்லாங்குழல் சேர்ந்திருக்கிறது. பாட்டியாவது இதைச் சொல்லக் காசு வாங்கியதில்லை.

நான் பொறியாளன், ஆகவே "எனர்ஜி என்றால் எத்தனை ஜூல்?" என்று கேட்டுக் கிண்டலடிப்பேன் என்று எதிர்பார்க்காதீர்கள். அது மலிவான வாதம். சக்தி என்ற சொல்லுக்கு இயற்பியலுக்கு வெளியே பெரிய வாழ்க்கை இருக்கிறது. என் கேள்வி அந்த வாழ்க்கையைப் பற்றியதுதான். அந்தப் பலகையில் எழுதியது 'நம் பாரம்பரியம்' என்று அவர் ஐந்தாறு முறை சொன்னார். எந்தப் பாரம்பரியம்?

பதஞ்சலியின் யோக சூத்திரம் நிற்பது சாங்கியத்தின் தரையில். சாங்கியத்தில் புருஷன் வெறும் சாட்சி. பார்த்துக்கொண்டிருப்பான், ஒரு துரும்பைக்கூட நகர்த்த மாட்டான். ஆடுவது, படைப்பது, மாறுவது, உலகம் முழுவதையும் இழுத்துப்போட்டுச் செய்வது பிரகிருதி. இலக்கணப்படியே அது பெண்பால் சொல். பலகையில் 'ஆண்' பக்கம் எழுதிய செயல், வேகம், முடிவு எல்லாம் இங்கே பெண்ணின் பக்கம். 'பெண்' பக்கம் எழுதிய அமைதியும் ஏற்றுக்கொள்ளுதலும் ஆணின் பக்கம். இன்னொன்று, புருஷன் என்றால் ஆண் உடம்பு என்று பொருளில்லை. என் அக்காவுக்குள் இருக்கிற சாட்சியும் புருஷன்தான். அங்கே லட்சியமும் இரண்டையும் சமன் செய்வது கிடையாது. ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பிரித்தறிவது, கைவல்யம். சமநிலை வியாபாரத்துக்குப் பதஞ்சலி கொஞ்சமும் உதவ மாட்டார்.

சைவத்துக்கு வந்தாலும் இதே கதை. சக்தி இல்லாத சிவம் அசையாது என்று நம் வீட்டுக் கிழவிகளுக்கே தெரியும். நெருப்பையும் சூட்டையும் போல இருவரும் பிரிக்க முடியாதவர்கள் என்பார்கள். பிரிக்க முடியாததை எப்படித் தனித்தனியாக அளந்து, ஒன்று தூக்கல், இன்னொன்று கம்மி என்று சீட்டு எழுதிக் கொடுப்பது?

சரி, ஹட யோகம். 'ஹ' சூரியன், 'ட' சந்திரன், ஆகவே ஆணும் பெண்ணும் சேருவது என்பது எல்லா முகாமிலும் முதல் பாடம். அந்த விளக்கம் பழைய நூல்களில் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஹடம் என்ற சொல்லுக்கு சமஸ்கிருதத்தில் நேர்ப்பொருள் வலிந்து செய்தல், பலவந்தம். சூரியன் ஆண், சந்திரன் பெண் என்பதிலும் நூல்கள் ஒத்துப்போகவில்லை. மூச்சைப் பார்த்துப் பலன் சொல்கிற சிவ ஸ்வரோதயத்தில் இடப்பக்கச் சந்திரன் சக்தி, வலப்பக்கச் சூரியன் சிவன். கோரக்ஷநாதர் பெயரில் வழங்கும் பாடலிலோ நேர்த் தலைகீழ்: விந்து சிவன், அதுவே சந்திரன்; ரஜஸ் சக்தி, அதுவே சூரியன். அதாவது ஆணின் பொருள் குளிர்ந்தது, பெண்ணின் பொருள் கொதிப்பது. இந்த நூலை வைத்து அந்த மண்டபத்தில் பலகை எழுதியிருந்தால் நான் இடப்பக்கமும் அக்கா வலப்பக்கமும் உட்கார்ந்திருப்போம்.

இதைச் சொல்லிவிட்டுப் பழைய நூல்களுக்குள் போய் ஒளிந்துகொள்ளவும் எனக்கு விருப்பமில்லை. அவற்றைப் பெரும்பாலும் எழுதியவர்கள் விந்து கீழே இறங்கிவிடக் கூடாதே என்ற பயத்தில் வாழ்ந்த ஆண் துறவிகள். 15ஆம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் எழுதிய ஹடயோகப் பிரதீபிகையில் வஜ்ரோளி பற்றிய பகுதியைப் படித்துப் பாருங்கள். பெண்ணும் அதைச் செய்யலாம், செய்தால் அவளும் யோகினி என்று ஒரு கதவைத் திறந்து வைக்கிறார்கள்தான். ஆனால் மொத்த நூலின் உடம்பு ஆண் உடம்பு. அவர்களுடைய ஆண்-பெண் பேச்சு அந்த உடம்பின் திரவங்களைப் பற்றியது. டீம் லீட் வீட்டில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது அவர்கள் கனவிலும் வராத விஷயம்.

அப்படியென்றால் பலகை எங்கிருந்து வந்தது? என் வாசிப்பில் அது சூரிச்சிலிருந்து வந்தது. 1919இல் கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதி ஜான் உட்ராஃப், ஆர்தர் அவலான் என்ற பெயரில் குண்டலினி பற்றி 'தி சர்ப்பென்ட் பவர்' நூலை வெளியிடுகிறார். 1932இல் கார்ல் யுங் சூரிச்சில் குண்டலினி யோகம் பற்றியே ஒரு கருத்தரங்கு நடத்துகிறார். ஆணுக்குள் ஒரு பெண், அனிமா. பெண்ணுக்குள் ஓர் ஆண், அனிமஸ் என்பது யுங்கின் கோட்பாடு. அறிவு ஆணின் இயல்பு, உறவு பெண்ணின் இயல்பு என்பதும் அவருடையதே. அனிமஸ் மேலோங்கிய பெண் வாதாடுவாள், பிடிவாதம் பிடிப்பாள் என்று அவர் எழுதியதைப் படித்தபோது, மண்டபத்து ஆசிரியரின் குரல் எனக்குக் காதில் கேட்டது. யுங் பெரிய ஆள், அவரைக் குறைத்துப் பேச எனக்குத் தகுதியில்லை. ஆனால் அவர் பார்த்த ஆணும் பெண்ணும் இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்து ஐரோப்பிய நடுத்தர வர்க்க வீட்டின் ஆணும் பெண்ணும். அந்த வீட்டு வரவேற்பறை அமெரிக்கா போய், அங்கே சுயமுன்னேற்றச் சாமியார்களிடம் வளர்ந்து, சமஸ்கிருதப் பெயர் வைத்துக்கொண்டு அரக்கோணம் பக்கம் திரும்பி வந்திருக்கிறது. நாம் பொட்டு வைத்து உள்ளே அழைத்துக்கொண்டோம்.

இதில் எனக்கு வயிற்றெரிச்சல் எங்கே என்றால், இது நடந்த இடம் திருத்தணி. மண்டபத்து ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும்.

மலைமேல் இருப்பவன் கோபம் தணிந்தவன். சூரனோடு போர் முடித்து, வள்ளிக்காக வேடரோடும் சண்டை முடித்து, வந்து தணிந்த இடம் என்பதால்தான் தணிகை. கந்த சஷ்டிக்கு மற்ற ஊர்களில் சூரசம்ஹாரம் நடக்கும்போது இங்கே சம்ஹாரம் கிடையாது, முருகனுக்குப் புஷ்பாஞ்சலி. கூடை கூடையாகப் பூ. இத்தனை நூற்றாண்டுகளாக இந்த மலைக்கு வருகிற யாரும், முருகனுக்குப் பெண் சக்தி கூடிவிட்டது, அதனால்தான் தணிந்தான் என்று சொன்னதில்லை. கோபம் வந்தது, தணிந்தது. ஒரு ஆண் தணிவதற்கு அவன் ஆணாக இருந்தாலே போதும் என்று இந்த ஊர் எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டது.

அப்புறம் வள்ளி. இங்கிருந்து மேற்கே வள்ளிமலை. தினைப்புனத்தில் பரண்மேல் நின்று, கவண் வீசிக் கிளி ஓட்டுகிற வேலைக்காரப் பெண். தேடி வந்தவனை முதலில் போடா என்று அனுப்பியவள். அந்த முகாமுக்கு வள்ளி வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். கவணைக் கீழே வைக்கச் சொல்லியிருப்பார்கள். சைவர்கள் அவளை இச்சாசக்தி என்கிறார்கள், தெய்வானையைக் கிரியாசக்தி என்கிறார்கள். விருப்பமும் செயலும் பெண்களிடம். கையிலிருக்கிற வேல் ஞானசக்தி, அதுவும் அம்மா கொடுத்தது. பொறுமையும் காத்திருப்பும் யார் பங்கு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் இதைப் படிக்கிற நண்பர் யாராவது கேட்பார்: "இதெல்லாம் உருவகம்தானே? ஆண், பெண் என்பது உள்ளே இருக்கிற குணங்களுக்கு வைத்த பெயர். நிஜ ஆணையும் பெண்ணையும் சொல்லவில்லை." இந்த வாதத்தைத்தான் நான் மதிக்கிறேன், ஏனென்றால் நானும் ஓராண்டு இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். உருவகம்தான் என்றால், வேறு பெயர் வைத்துவிட்டுப் போகலாமே? தமிழில் ஏற்கெனவே இருக்கிறது: சூடு, குளிர்ச்சி. உடம்பு சூடாயிடுச்சு என்பது அப்பாவுக்கும் பொருந்தும், அம்மாவுக்கும் பொருந்தும். வெந்தயம், மோர், எண்ணெய்க் குளியல். சூடு தணிந்தால் யாரும் யாருடைய வேலையையும் விட வேண்டியதில்லை. சூரியகலை, சந்திரகலை என்று சித்தர் மரபிலேயே பெயர் இருக்கிறது. இத்தனை இருந்தும் ஆண், பெண் என்றுதான் சொல்வோம் என்று பிடிவாதம் பிடித்தால், அது குணத்தின் பெயராக நிற்காது. மண்டபத்தில் உட்காரும் இடமாக மாறும். அங்கிருந்து வீட்டில் உட்காரும் இடமாக மாறும்.

கோடு போடுவது பற்றி இந்த ஊர்க்காரர்களுக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. 1960 ஏப்ரல் 1ஆம் தேதிவரை திருத்தணி ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி.யும் வடக்கெல்லைப் போராட்டக்காரர்களும் போராடி, படாஸ்கர் வந்து, கிராமத்தை அலகாக வைத்து எந்த மொழிக்காரர்கள் அதிகம் என்று பார்த்துக் கோடு போட்டார்கள். நிர்வாகத்துக்கு அப்படி ஒரு கோடு வேண்டியிருந்தது, சரி. ஆனால் என் பாட்டி காசு எண்ணுவது தெலுங்கில், எங்களைத் திட்டுவது தமிழில், முருகனிடம் பேசுவது இரண்டிலும். யாராவது வந்து, உங்களுக்குள் தெலுங்கு எனர்ஜி தூக்கலாக இருக்கிறது, இடப்பக்கம் படுத்துத் தமிழை ஏற்றுங்கள் என்று சொல்லியிருந்தால் கிழவி விளக்குமாற்றை எடுத்திருப்பாள்.

அர்த்தநாரியைச் சொல்லாமல் இந்தப் பேச்சை யாரும் முடிப்பதில்லை. முகாமிலும் பெரிய படம் மாட்டியிருந்தார்கள். நம்மிடம் திருச்செங்கோட்டு மலையே இருக்கிறது, மூலவரே பாதி ஆண் பாதி பெண். அந்தக் கடவுளின் பெயரைத் தலைப்பாக வைத்துப் பெருமாள்முருகன் 2010இல் 'மாதொருபாகன்' எழுதினார். பிள்ளையில்லாத ஒரு தம்பதியின் கதை. ஊரும் உறவும் அந்தப் பெண்ணைப் பேசிப் பேசியே எங்கே கொண்டுபோய் நிறுத்துகின்றன என்பதுதான் விஷயம். நாலு வருஷம் கழித்துப் புத்தகத்தை எரித்தார்கள். 2015 ஜனவரியில், எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவிக்க வேண்டி வந்தது. 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லித்தான் அவர் மீண்டு வந்தார். இதை ஏன் சொல்கிறேன்? சரிபாதியை மூலவராக வைத்துக் கும்பிடுகிற மலைக்குக் கீழேயே, ஒரு பெண்ணின் வேதனையை எழுதினால் ஊர் திரண்டு வருகிறது. படத்தைச் சுவரில் மாட்டுவதால் எதுவும் சமமாகிவிடாது. அந்தச் சிற்பத்திலும் பெண் பெரும்பாலும் இடப்பக்கம்தான் என்பதை அக்காதான் எனக்குக் காட்டினாள்.

மூச்சுக்கு வருகிறேன். இத்தனை திட்டிவிட்டு நான் யோகத்துக்கு எதிரி என்று நீங்கள் முடிவுகட்டிவிடக் கூடாது. ஒரு நேரத்தில் ஒரு நாசியில்தான் மூச்சு தாராளமாக ஓடுகிறது என்று நம் ஆட்கள் கவனித்தது உண்மையிலேயே பெரிய கவனிப்பு. 1895இல் கைசர் என்ற ஜெர்மானிய மருத்துவர் இதையே மருத்துவ மொழியில் எழுதினார். மூக்கின் உள்சதை ஒரு பக்கம் வீங்கி, மறுபக்கம் சுருங்கி, சில மணி நேரத்துக்கு ஒருமுறை தானாக மாறும். தன்னியக்க நரம்பு மண்டலத்தின் வேலை. ஒருக்களித்துப் படுத்தால் கீழே இருக்கிற நாசி அடைத்துக்கொள்ளும், மேலே இருக்கிற நாசி திறக்கும். அக்குளில் அழுத்தம் கொடுத்தாலும் மாறும். பழைய யோகிகள் கையில் வைத்திருக்கிற யோக தண்டம் அதற்குத்தான். ஆக, ஒரு ராத்திரியில் புரண்டு புரண்டு படுக்கிற யாரும் விடிவதற்குள் நாலைந்து முறை 'ஆணாகி'ப் 'பெண்ணாகி' எழுந்திருக்கிறார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு என் அக்காவின் எந்த நாசி திறந்திருந்தது என்பதை வைத்து, அவள் வீட்டில் யார் முடிவெடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

மெதுவாக மூச்சு விட்டால் படபடப்பு குறைகிறது, தூக்கம் வருகிறது. நான் தினமும் செய்கிறேன். இரண்டு நாசிக்கும் பெயர் உண்டு: இடது, வலது. சொல்லிக்கொடுக்கிறவர்களிடம் நான் கேட்பதும் அவ்வளவுதான். பெயரை அதோடு நிறுத்துங்கள். ரத்தம் போகிறது என்று ஒரு பெண் சொன்னால், பலகையைத் துடைத்துவிட்டு, முதலில் ஒரு டாக்டரைப் பாருங்கம்மா என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியத்துக்கு எட்டு மாதம் விலை கொடுத்திருக்கிறோம். அந்த மண்டபத்தில் அன்று இடப்பக்கம் அறுபது பெண்களாவது இருந்திருப்பார்கள். பாதிப் பேரின் கணவர்கள் கொண்டுவந்து விட்டுவிட்டு எதிர் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தார்கள். அந்த அறுபது பேரில் வேறு யாருக்கு என்ன கழித்தல் நடந்தது என்று எனக்கு இன்றுவரை ஒரு நடுக்கம் உண்டு.

அறுவை முடிந்து ஐந்தாம் மாதம், அம்மாவின் வேண்டுதலுக்காக அக்கா மலையில் மொட்டை போட்டுக்கொண்டாள். இடுப்புவரை இருந்த முடி. திருத்தணியில் இது ஒரு சேதியே இல்லை. மொட்டையடித்துச் சந்தனம் பூசிய பெண்கள் எல்லா நாளும் படியில் ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருப்பார்கள், கல்லூரிப் பெண்கள், கைக்குழந்தைக்காரிகள், கிழவிகள். பெண்மை போய்விட்டது என்று அங்கே யாரும் கேட்பதில்லை. திங்கட்கிழமை அந்த மொட்டைத்தலையோடுதான் ஆபீஸ் போனாள், கூட்டம் நடத்தினாள்.

மொத்தம் 365 படி, நாளுக்கு ஒன்று என்று கணக்கு. காரில் போகலாம் என்றேன், கேட்கவில்லை. இருநூறு தாண்டியதும் மண்டபத்து நிழலில் உட்கார்ந்துவிட்டாள். முகமெல்லாம் வியர்வை. எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"எந்த மூக்குல ஓடுது?"

"வாயில ஓடுதுடா," என்றாள். "தண்ணி பாட்டிலைக் குடு."